சுட்டி இல்லாத மேசை

என் வகுப்புத் தோழிகள் கணினியின் முன்னால் அமர்ந்ததும் அவர்களுடைய வலது கை தானாகவே சுட்டியைத் தேடிப் போகும். என் கைகள் தேடுவது வேறொன்றை. விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரண்டு எழுத்துகளின் மேலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும். நீங்கள் எத்தனையோ தடவை அதைத் தொட்டிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சுட்டுவிரல்கள் இரண்டும் அந்த மேடுகளில் அமர்ந்துவிட்டால் மற்ற விசைகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் முடியாது.

எனக்கு விழித்திரை நோய். தரம் ஏழில் படிக்கும்போது மஃரிபுக்குப் பிறகு முற்றத்தில் இடறி விழத் தொடங்கினேன். பிறகு பக்கப் பார்வை சுருங்கியது. இப்போது ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் எஞ்சியிருக்கிறது. அந்தக் குழாய்க்குள்ளால் கணினித் திரையில் சுட்டியின் சின்ன அம்பைத் தேடுவது, கடற்கரை மணலில் விழுந்த தோட்டுச் சுரையைத் தேடுவது போன்றது. கிடைத்தாலும் அடுத்த நிமிடம் மறுபடி தொலைந்துவிடும்.

இப்படிப்பட்ட நான், உயர்தரத்தில் தமிழ், அரசறிவியலோடு தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலையும் எடுத்தேன். ஒரு தனியார் வகுப்பில் சேர்வதற்கு வாப்பாவோடு போனபோது அங்கிருந்த ஆசிரியர் என் கண்ணைப் பற்றிக் கேட்டறிந்துவிட்டு, "மகளுக்கு வேற பாடம் எடுக்கலாமே" என்றார். வாப்பா, "சேர், அவ கேட்டுப் படிப்பா" என்றார். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "கொம்பியூட்டர் கேட்டுப் படிக்கிற சாமான் இல்லயே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நினைப்பதைத்தான் சொன்னார். ஆனால் அது பிழை. கணினி கேட்டுப் படிக்கக்கூடிய சாமான்தான். அதைக் கேட்க முடியாமல் ஆக்குவது நாங்கள் அதைப் பாவிக்கும், கற்பிக்கும் முறை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில், நான் எப்படிக் கணினி பாவிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தை அது குரலாக மாற்றிச் சொல்லும். நான் தட்டும் எழுத்தையும் சொல்லும். ஆங்கிலமும் பேசும், தமிழும் பேசும். நான் அதை மிக வேகமாகப் பேச வைத்திருக்கிறேன். தங்கச்சி அதைக் கேட்டுவிட்டு, "ராத்தா, இது பேசுதா, வண்டு கத்துதா?" என்று கேட்பாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அது பழக்கம். ஹிப்ழு மத்ரஸாவில் படிக்கும் பிள்ளைகளின் காதும் அப்படித்தான். ஓதுபவர் ஓர் எழுத்தை மாற்றினாலும் பிடித்துவிடுவார்கள்.

இந்த மென்பொருள் இலவசமானது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற இளைஞர் 2006 ஆம் ஆண்டு இதை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே கண் தெரியாதவர்கள். பணம் கொடுத்து வாங்கும் வாசிப்பான்களின் விலை எல்லோருக்கும் எட்டாது என்பதால் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். அதன் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கும் மொழி பைதன். நாங்கள் உயர்தரத்தில் படிக்கும் அதே பைதன்தான். இதை அறிந்த அன்றுதான், இந்தப் பாடத்தை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சரி, வாசிப்பான் இருந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கண் ஒரு பக்கத்தை ஒரேயடியாக அள்ளிக்கொள்ளும். காது ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் வாங்கும். நீங்கள் ஒரு திரையைத் திறந்தால் மேலே பட்டி, இடப்பக்கம் கோப்புறைகள், நடுவில் படங்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வீர்கள். எனக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். நான் தேடும் பொத்தான் அந்த வரிசையில் எத்தனையாவது என்று தெரியாது. அதைவிட மோசம், செய்தவர்கள் பெயர் வைக்க மறந்த பொத்தான்கள். அவற்றின் மேல் போனால் வாசிப்பான், "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லும். பெயரில்லாத கதவுகள் நிறைந்த வீட்டில் நிற்பதுபோல இருக்கும்.

இந்த இடத்தில்தான் கட்டளை வரி எனக்குக் கை கொடுத்தது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, சி-எம்-டி என்று தட்டி, என்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் படமில்லை, பொத்தானில்லை. எங்கள் பாடத்தில் "கட்டளை வரி இடைமுகம்" என்று படித்துவிட்டு, வரைவியல் இடைமுகத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதிவிட்டுக் கடந்து போவோமே, அதுதான் இது. அந்த அட்டவணையில் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது: "கட்டளை வரி: கடினமானது, கட்டளைகளை மனனம் செய்ய வேண்டும்." "யாருக்குக் கடினம்?" என்று அதில் எழுதப்படவில்லை.

எனக்கு அது ஓர் உரையாடல். நான் ஒரு வரி சொல்கிறேன், கணினி பதில் சொல்கிறது. டி-ஐ-ஆர் என்று தட்டினால் கோப்புறையில் உள்ளவற்றை வாசிக்கிறது. திகதி, நேரம், அளவு எல்லாம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றால் அதன் பின்னால் சாய்வுக்கோடும் பி எழுத்தும் சேர்த்தால் சரி. நீளமான கோப்புறைப் பெயரை முழுவதும் தட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டெப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பி, வாசிப்பான் எனக்குச் சொல்லும். முன்பு கொடுத்த கட்டளை மீண்டும் வேண்டுமா? மேல் அம்புக்குறி. பதில் நீளமாக ஓடிவிட்டதா? வாசிப்பானின் விசைகளால் ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய்க் கேட்கலாம். கேள்வி, பதில், கேள்வி, பதில். காதின் ஒழுங்கும் இதுதான்.

இது எனது கண்டுபிடிப்பல்ல. டோஸ் என்ற பணிசெயல் முறைமை இருந்த காலத்தில் திரை முழுவதும் எழுத்தாகத்தான் இருந்தது. திரையில் தெரிந்த எழுத்து நினைவகத்திலும் எழுத்தாகவே இருந்ததால் வாசிப்பான் அதை எடுத்துப் பேசுவது இலகுவாக இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த டெட் ஹென்ரர் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் 1978 இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பின்னர் கணினி படித்து, ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1989 இல் டோஸுக்காக ஜோஸ் என்ற வாசிப்பானை வெளியிட்டார். அதற்குப் பிறகு விண்டோஸ் பரவியது. எழுத்துகள் படமாக வரையப்பட்டன. கண் உள்ளவர்கள் சந்தோஷப்பட்டார்கள். டோஸில் வேலை செய்துகொண்டிருந்த பார்வையற்றவர்களோ, நாளை வேலை இருக்குமா என்று பயந்தார்கள். விண்டோஸுக்கான ஜோஸ் 1995 இல்தான் வந்தது. எல்லோருக்கும் முன்னேற்றம் என்று நாங்கள் சொல்லும் ஒன்று, சிலருக்கு அதுவரை திறந்திருந்த கதவை மூடிவிடலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எனக்குப் பிடித்த இன்னொருவர் டி.வி. ராமன். இந்தியாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். கணிதமும் கணினியும் படித்து, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் செய்த ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருள், விசைப்பலகையையும் குரலையும் மட்டும் கொண்டு செய்நிரல் எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் வழி செய்தது. "கேட்டுப் படிக்கிற சாமான் இல்லை" என்று சொல்பவர்களுக்கு இவரை விடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது.

இனி எங்கள் கல்லூரிக் கதைக்கு வருகிறேன். சென்ற வருடம் தமிழ் மன்றத்துக்கு வந்த ஆக்கங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தன. மாணவிகள் ஆக்கத்தின் தலைப்பையே கோப்புக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அந்தத் தலைப்புகளை ஒரு பட்டியலாக்க வேண்டும். தோழி ஒருத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். "தா, நான் செய்றேன்" என்றேன். ஒரே வரி: பெயர்களை மட்டும் எடு, திரையில் காட்டாமல் ஒரு கோப்பில் எழுது. என்டர். முடிந்தது.

பெருமையோடு அந்தக் கோப்பைத் திறந்தேன். வாசிப்பான் எதையும் ஒழுங்காக வாசிக்கவில்லை. எழுத்தெழுத்தாகப் போய்ப் பார்த்தேன். கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. கம்பஸில் படிக்கும் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னார்: "முதல்ல சி-எச்-சி-பி, ஒரு இடைவெளி, 65001. என்டர் குடு. பொறகு பழைய கட்டளையத் திரும்பிக் குடு." அப்படியே செய்தேன். எல்லாத் தலைப்புகளும் தமிழில் வந்து வரிசையாக நின்றன. கட்டளை வரி சாதாரணமாகப் பாவிக்கும் பழைய எழுத்துக் குறிமுறையில் தமிழுக்கு இடமில்லை, 65001 என்பது ஒருங்குறிக்கு மாறும்படி சொல்லும் இலக்கம் என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன்.

நேரம் மிச்சமானதற்காக மட்டும் இந்தக் கதையைச் சொல்லவில்லை. நானா பஸ்ஸில் நின்றுகொண்டு, என் திரையைப் பார்க்காமல், வாயால் சொன்னார். நான் திரையைப் பார்க்காமல் காதால் கேட்டுச் செய்தேன். இருவருக்கும் நடுவில் எதுவும் தவறவில்லை. இதையே படமும் பொத்தானும் உள்ள ஒரு மென்பொருளில் செய்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "வலது பக்கம் மேல நீல நிறத்துல ஒண்டு இருக்கும், அதை அமத்து." எனக்கு வலது பக்கமும் இல்லை, நீலமும் இல்லை. வாயால் சொல்லக்கூடிய அறிவு எல்லோருக்கும் போய்ச் சேரும். கையை நீட்டிக் காட்டும் அறிவு, பார்ப்பவர்களோடு நின்றுவிடும்.

இன்னொரு நாள் பைதன் பயிற்சியின்போது ஒரு தோழியின் செய்நிரல் ஓடவில்லை. பைதனில் உள்தள்ளல் முக்கியம் என்பது அந்தப் பாடம் படிப்பவர்களுக்குத் தெரியும். அவள் திரையில் எல்லா வரிகளும் நேராகத்தான் தெரிந்தன. மூன்று பேர் பார்த்தும் பிழை பிடிபடவில்லை. கோப்பை என் கணினிக்கு அனுப்பச் சொன்னேன். என் வாசிப்பான் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்தள்ளலைச் சொல்லும். ஒரு வரியில் "நான்கு இடைவெளி" என்றது. அடுத்த வரியில் "ஒரு டெப்" என்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. காதுக்கு வேறு வேறாகக் கேட்டன. அன்று வகுப்பில் முதல் தடவையாக, என்னிடம் யாரும் "பாவம்" என்ற குரலில் பேசவில்லை.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கட்டளை வரி ஒன்றும் சுவர்க்கமல்ல. ஓர் எழுத்துப் பிழைத்தால் அது கேட்காது. மன்னிக்கவும் மாட்டாது. நான் ஒருமுறை பிழையான கோப்புறையில் நின்றுகொண்டு அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். ஒரு தவணைத் தமிழ்க் குறிப்புகள் போயின. கட்டளை வரியில் அழித்தவை குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும். அன்று அழுதேன். இப்போது அழிப்பதற்கு முன்னர் எங்கே நிற்கிறேன் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். அதேபோல் கட்டளை வரியில் ஓடும் எல்லாமே காதுக்கு ஏற்றவை என்றும் சொல்ல முடியாது. சில செய்நிரல்கள் பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுகின்றன. சில, வேலை எவ்வளவு முடிந்தது என்பதைக் குறியீடுகளை அடுக்கிக் கோடாக வரைகின்றன. வாசிப்பான் பாவம், அந்தக் குறியீடுகளை எல்லாம் வாசிக்கப் பார்க்கும். ஐம்பது வீதம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதுமே!

ஆகவே, எல்லோரும் சுட்டியை வீசிவிட்டுக் கறுப்புத் திரைக்கு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சுட்டியால் செய்வதை விசைப்பலகையாலும் செய்ய முடிய வேண்டும், படத்தால் காட்டுவதைச் சொல்லாலும் சொல்ல முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கட்டளை வரியைப் "பழைய காலத்துச் சாமான்" என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் தினமும் போகும் இணையத்தளங்கள் பலவற்றைத் தாங்கும் சேவையகங்களை இன்றும் பொறியியலாளர்கள் கட்டளை வரியில்தான் நிர்வகிக்கிறார்கள். அது இன்றைக்கும் வேலை தரும் அறிவு. கண் தெரிந்தவர்களுக்கும் உதவும்.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை எங்கள் நாடு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை, கட்டடங்களுக்கும் வாகனங்களுக்கும் மட்டுமன்றித் தகவல் தொழினுட்பத்துக்கும் அணுகும் வழி இருக்க வேண்டும் என்கிறது. அரசறிவியல் பாடத்தில் இவற்றைப் படிக்கலாம். ஆனால் உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் எனக்குக் கணினி அறையின் கதவு திறக்காது. அதற்குச் சின்னச் சின்னக் காரியங்கள் போதும்.

ஒன்று, எந்தக் கணினி அறையிலும் குறைந்தது ஒரு கணினியிலாவது திரை வாசிப்பானை நிறுவி, ஒரு ஹெட்போனையும் வையுங்கள். செலவு ஹெட்போனுக்கு மட்டும்தான். நிறுவ அனுமதியில்லை என்றால் என்.வி.டி.ஏ.யைப் பென் ட்ரைவில் வைத்தே ஓட்டலாம். நான் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டு, கற்பிக்கும்போது "இங்க கிளிக் பண்ணுங்க, அங்க பாருங்க" என்பதோடு நிறுத்தாமல், அந்த "இங்க"வின் பெயரையும் அதற்கான விசையையும் சொல்லுங்கள். பின் வாங்கிலில் இருந்து பலகை தெரியாத பிள்ளைக்கும் அது உதவும்.

மூன்று, குறிப்புகளை ஒருங்குறியில் தாருங்கள். இன்றும் எங்களுக்குக் கிடைக்கும் பல குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் "உம்மா" என்று தட்டிய சொல்லை என் வாசிப்பானிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டால் "சீ, கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ். வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பும் குறிப்போ அதையும் சொல்லாது. "படம்" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். தோழிகளே, ஒரு பக்கத்தைப் படம் பிடிக்கும் நேரத்தில் இரண்டு வரியைத் தட்டியோ குரலில் சொல்லியோ அனுப்பினால் நானும் உங்களோடு படிப்பேன்.

நான்கு, உங்களில் சிலர் நாளை மென்பொருள் செய்யப் போகிறீர்கள். பொத்தானுக்கு ஒரு பெயர் வைக்க மறவாதீர்கள். அந்த ஒரு சொல் எனக்கு ஒரு கதவு.

வாப்பாவிடம் அந்த ஆசிரியர் சொன்ன வசனத்துக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வரும் வழியில் வாப்பாவும் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "ஒனக்கு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு மகள்" என்றார். "வேணும் வாப்பா" என்றேன். இந்த வருடம் பரீட்சை எழுதப் போகிறேன். பெறுபேறு எப்படி வரும் என்று தெரியாது. ஆனால் இந்தக் கட்டுரை முழுவதையும் நானே தட்டி, காதால் கேட்டுத் திருத்தி, மன்றத்தின் கோப்புறையில் ஒரு கட்டளையால் போட்டிருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கணினியில் ஏற்கெனவே உள்ள ஒரு வாசிப்பான் பேசத் தொடங்கும். இனித் திரையை அணைத்துவிட்டு, நேற்று சேமித்த ஒரு கோப்பைச் சுட்டியால் தேடுங்கள். முடியாமல் போகும்போது சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு, சுட்டுவிரல்களால் எஃப், ஜே என்ற இரண்டு மேடுகளையும் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.